எந்தத் திருப்பத்தூர்? வம்சாவளிப் பட்டியலில் ஊர்க் கட்டத்தைப் பழுதுபார்த்த கதை

போன வருஷம் சித்திரையில் அத்தான் பெங்களூரில் ரயிலேறி, ஜோலார்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தார். கையில் நான் அனுப்பிய வம்சாவளிப் பட்டியலின் அச்சுப்படி. எங்கள் பூட்டனார் 1926-ல் வாங்கிய நிலத்தின் பத்திர எண் அதில் இருந்தது. பக்கத்தில் 'ஊர்' என்ற கட்டத்தில் 'திருப்பத்தூர்' என்று போட்டிருந்தேன். எண்ணையும் ஆண்டையும் கொடுத்து, தேடுவதற்கான கட்டணமும் கட்டி, நகல் கேட்டிருக்கிறார். எண் அகப்பட்டது, ஆண்டும் சரி. ஆனால் அந்தப் பத்திரம் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் யாருக்கோ விற்ற நஞ்சைக்கானது. மதியம் எனக்குப் போன் வந்தது.

"ஏம்மா, ஏலகிரி மலைக்குப் பக்கத்துல நம்ம பூட்டனுக்கு ஏது நிலம்?"

எங்கள் திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில் இருக்கிறது. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். அத்தான் போனது பழைய வடஆற்காட்டுத் திருப்பத்தூர். நேர்கோட்டில் பிடித்தாலே இரண்டுக்கும் நடுவே 260 கிலோமீட்டர் இருக்கும். பத்திர எண் அங்கேயும் இருந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் வருஷா வருஷம் எண் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். எந்த அலுவலகம் என்று சொல்லாத பத்திர எண், தெருப்பெயர் இல்லாத கதவு எண் மாதிரி.

அத்தான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். செல்போன் வரைபடத்தில் தேடினார். 2019 நவம்பரில் தனி மாவட்டமே ஆகிவிட்ட திருப்பத்தூர் முதலில் வந்து நின்றது, போய்விட்டார். அவர்மேல் என்ன தப்பு?

அன்று ராத்திரியே அசல் பத்திரத்தின் படத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே 'இராமநாதபுரம் ஜில்லா திருப்பத்தூர் தாலுகா' என்று தெளிவாக இருந்தது. பட்டியலில் தட்டும்போது 'இராமநாதபுரம் ஜில்லா' என்பதை நான்தான் விட்டிருக்கிறேன். இப்போது அது சிவகங்கை மாவட்டம்தானே, பழைய ஜில்லா எதற்கு என்று நினைத்தது நினைவிருக்கிறது. சிவகங்கை என்றாவது போட்டிருக்கலாம், 'பிறகு நிரப்பிக்கொள்ளலாம்' என்று அதையும் விட்டுவிட்டேன். இரண்டு திருப்பத்தூரையும் பிரித்துக் காட்ட அந்தத் தாளில் இருந்த ஒரே அடையாளத்தைக் காலாவதியானது என்று நானே தூக்கிப் போட்டிருக்கிறேன்.

சரி, இந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டுப் படுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு மாதம் ஆயிற்று.

பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் பேர். ஆளுக்கொரு வரி, அதில் 'ஊர்' என்று ஒரே ஒரு கட்டம். முதலில் எல்லாத் திருப்பத்தூர் வரிகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஊர்க் கட்டத்தை அகரவரிசையில் அடுக்கினேன். அதுதான் இரண்டாவது விபத்து.

பழைய பத்திரங்களில் ஒரே ஊர் திரும்பத் திரும்ப வந்தால் எழுத மாட்டார்கள். '௸' என்று ஒரு குறி போடுவார்கள், மேற்படி என்று அர்த்தம். '௸யூரில் இருக்கும்' என்று வரும். வருஷத்துக்கு '௵', ரூபாய்க்கு '௹' என்று இருப்பது போலத்தான் இதுவும். உள்ளதை உள்ளபடி தட்டுகிறேன் பேர்வழி என்று முப்பது நாற்பது வரிகளில் 'மேற்படி' என்றே ஊர்க் கட்டத்தில் போட்டு வைத்திருந்தேன். அடுக்கியதும் அத்தனை 'மேற்படி'யும் மகர வரிசையில் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொண்டது. எதற்கு மேற்படி? மேலே இருந்தவர்கள் எல்லாரும் கலைந்துவிட்டார்கள். கணினியில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றால், கோப்பை மூடித் திறந்திருந்தேன். திரும்பவும் பத்திரப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்துத்தான் சரிசெய்தேன். அதில் மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது '௸' வந்தால், அது எந்த ஊரைச் சுட்டுகிறதோ அந்தப் பெயரை முழுதாகத் தட்டி, பக்கத்தில் 'மூலத்தில் ௸' என்று எழுதிவிடுகிறேன். கோப்பை அடுக்குவதற்கு முன்னால் வரிசை எண்ணுக்கு ஒரு கட்டமும் போட்டுவிடுகிறேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

அடுத்து செய்ததும் தப்புதான், ஆனால் கொஞ்சம் புத்திசாலித்தனமான தப்பு. எல்லா ஊரையும் இன்றைய பெயருக்கும் இன்றைய மாவட்டத்துக்கும் மாற்றிவிட்டால் குழப்பம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினேன். பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் ஒரு பழைய பதிவைத் தேட வேண்டி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1905-ம் வருஷத்துக் காகிதத்தைச் 'சிவகங்கை மாவட்டம்' என்று தேடினால் எங்கே கிடைக்கும்? அன்றைக்கு அப்படி ஒரு மாவட்டமே கிடையாது.

எங்கள் ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் நாலு ஜில்லா பார்த்துவிட்டது. 1910 வரை மதுரை ஜில்லா. அந்த வருஷம் மதுரையிலும் திருநெல்வேலியிலும் துண்டு எடுத்து இராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள், அதற்குள் போயிற்று. 1985 மார்ச்சில் அதை மூன்றாகப் பிரித்தபோது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் அமைந்த மாவட்டத்துக்கு வந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை எடுத்தபோது சிவகங்கை மாவட்டம் ஆனது. மேலே இருக்கிற அடுக்கும் நிலையாக இல்லை. சென்னை மாகாணம், பிறகு சென்னை மாநிலம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. எங்கள் அப்பத்தா ஒரே வீட்டில் ஒரே திண்ணையில் உட்கார்ந்து இதில் முக்கால்வாசியைப் பார்த்தவர்.

வடக்குத் திருப்பத்தூரும் லேசுப்பட்டதில்லை. 1911 வரை அது சேலம் ஜில்லா, பிறகு வடஆற்காடு, அப்புறம் வேலூர், இப்போது தனி மாவட்டம். ஆக 'சேலம் ஜில்லா திருப்பத்தூர்' என்று ஒரு காகிதத்தில் பார்த்தால் எழுதியவர் உளறவில்லை. அது 1911-க்கு முந்தைய காகிதம், அல்லது அதைப் பார்த்து எழுதியது. பழைய ஜில்லாப் பெயர் ஊரைக் காட்டுவதோடு காகிதத்தின் வயதையும் காட்டிக்கொடுக்கும். அதைப் போய் இன்றைய பெயருக்கு மாற்றி அழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு திருப்பத்தூரையும் பிரிக்க எனக்கு உதவிய மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு ஆகும். கடிதத்தில் 'திருப்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி' என்று வந்தால் அது வடக்குதான், எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. அதற்குப் பிந்தைய உறை என்றால் 630-ல் தொடங்குவது எங்களுடையது, 635 வடக்கு. தாளில் 'திருப்புத்தூர்' என்று இருந்தால் அநேகமாக எங்கள் ஊர். தேவாரத்தில் அப்படித்தான் இருக்கிறது, எங்கள் பக்கம் பலர் இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். இதை எழுத்துப்பிழை என்று நினைத்துப் பத்து இடத்தில் 'திருத்தி' வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தை நம்ப வேண்டாம். 'பி' ஒன்றா இரண்டா, 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா என்பதெல்லாம் எழுதிய குமாஸ்தாவைப் பொறுத்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்குத் தமிழ் உச்சரிப்பை ஒட்டி ஆங்கில எழுத்துக்கூட்டல் மாற்றி அரசாணை வந்ததும், சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும்.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு இது. ஊர்களுக்கென்று தனியாக ஒரு தாள் போட்டேன், ஊர்ப் பதிவேடு என்று பெயர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு எண். எங்கள் திருப்பத்தூர் 1, வடக்குத் திருப்பத்தூர் 2. அந்த எண்ணுக்குக் கீழே, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை எந்தத் தாலுகா, எந்த ஜில்லா, எந்த மாகாணம் என்று தனித்தனி வரிகள். ஆட்கள் பட்டியலில் ஊர்க் கட்டம் இரண்டானது. ஒன்றில் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது, பிழையோடு, சுருக்கத்தோடு, ஓர் எழுத்துக்கூட மாற்றாமல். மற்றதில் அது எந்த ஊர் என்று நான் முடிவுசெய்தேனோ அதன் எண். முதல் கட்டத்தை இனி யாரும் தொடக் கூடாது. இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஏனென்றால் அது என் யூகம்.

அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் சின்னதிலிருந்து பெரியதாகப் போகிறேன்: குக்கிராமம், வருவாய் கிராமம், தாலுகா, ஜில்லா, மாகாணம். நடுவில் ஒன்று தெரியாவிட்டால் காற்புள்ளியை மட்டும் போட்டுவிட்டு இடத்தைக் காலியாக வைக்கிறேன். காலியாக இருந்தால் தெரியவில்லை என்று புரியும். அடுத்ததை இழுத்து முன்னால் போட்டால் ஜில்லா தாலுகாவாகிவிடும்.

பத்திரங்களில் இன்னொரு கண்ணி உண்டு. பத்திரப் பதிவுக்கென்று இருக்கும் மாவட்டம் வேறு, கலெக்டர் மாவட்டம் வேறு. எங்கள் பக்கம் காரைக்குடி பதிவு மாவட்டம். காரைக்குடி என்று ஒரு வருவாய் மாவட்டம் கிடையாது. சொத்து விவரத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும். அவசரத்தில் முதலில் வந்ததை மாவட்டம் என்று எடுத்துப் போட்டால் தீர்ந்தது.

பூட்டியின் பிறந்த வீட்டைத் தேடியபோது இந்த அன்றைய-இன்றைய வரிசை நன்றாகவே கைகொடுத்தது. அவர் பொன்னமராவதிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அவர் கல்யாணத்தின்போது அது வேறு ராஜ்ஜியம், புதுக்கோட்டை சமஸ்தானம், திருமயம் தாலுகா. 1948 மார்ச்சில்தான் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள் போயிற்று. 1974-ல் தனி மாவட்டம். நான் அவருக்குச் 'சென்னை மாகாணம்' என்று போட்டிருந்தேன். வீட்டில் பெரியவர்கள் 'சமஸ்தானத்துச் சம்பந்தம்' என்று சொல்வதைக் கேலி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன், நிஜமாகவே சமஸ்தானம்தான்.

பூட்டி என்றதும் இன்னொன்று. பெயர்க் கட்டத்தில் அவருக்கு 'பொன்னமராவதியா' என்று இருந்தது, அவருடைய ஓரகத்திக்கு 'மேலூர்க்காரி'. எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்களைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மொய் நோட்டிலும் வராது, பத்திரத்திலும் அபூர்வம். முதலில் இது பெயர் தெரியாததற்குச் சாக்கு என்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஆண்களுக்கு ஊர் தேடி அலைகிறேன், இந்தப் பெண்களுக்கோ ஊர் பெயரிலேயே இருக்கிறது. பெயர் கட்டத்தில் அப்படியே விட்டு, ஊர்ப் பதிவேட்டிலும் எண் போட்டேன். சொந்தப் பெயர் கிடைத்தவர்கள் நாலே பேர்.

மொய் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பெரியப்பாவின் கல்யாணம் 1961-ல் நடந்தது. அந்த நோட்டு எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. மொய் எழுதுகிறவர் முதலில் கேட்பதே ஊரைத்தான், அப்புறம்தான் பெயர், தொகை. ஆகவே ஒவ்வொரு வரியும் ஊரில் தொடங்குகிறது. உறவுக்காரர்கள் அன்று எங்கெங்கே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சிக்கல் என்னவென்றால் எழுதியவர் உள்ளூர்க்காரர், அவருக்கு எது போதுமோ அதை எழுதியிருக்கிறார். 'புதூர்' என்று பதினோரு வரி. எந்தப் புதூர்? எங்களுக்குப் பக்கத்தில் எஸ். புதூர் இருக்கிறது. மதுரையில் கே. புதூர். இந்தப் பக்கத்து ஊர்களுக்கு மனிதர்களைப் போலவே இனிஷியல் உண்டு. மொய் நோட்டில் மட்டும் அதைப் போடுவதில்லை.

சின்ன அப்பத்தாவிடம் நோட்டைக் கொண்டுபோனேன். கண் சரியாகத் தெரியாது, வாசிக்க வாசிக்கக் கேட்டார்.

"புதூர்னு போட்டிருக்கு அப்பத்தா. எஸ். புதூரா, மதுரைப் புதூரா?"

"ரெண்டும் இல்லத்தா. நம்மூருக்கு மேக்க கம்மாக்கரையில ஆறேழு வீடு இருந்துச்சுல்ல, அதத்தேன் அப்பப் புதூருன்னு சொல்றது. மதுரையில இருந்து வந்திருந்தா ரெண்டு ரூவாயா எழுதுவாக?"

நான் யோசித்தே பார்க்காத மூன்றாவது புதூர். எந்த வரைபடத்திலும் இல்லை, இப்போது யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை. வருவாய் கிராமக் கணக்கில் அது எங்கள் கிராமத்துக்குள்ளேயே அடக்கம். அதற்கும் பதிவேட்டில் ஒரு எண் கொடுத்து, 'சின்ன அப்பத்தா சொன்னது' என்று தேதியோடு எழுதினேன். கூடவே ஒரு வாரம் அவர் வீட்டில் தங்கி நோட்டு முழுவதையும் வாசித்துவிட்டேன். 1980-ல் கர்ணம், முன்சீப் என்ற கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்ததற்கு முன்னால் என்றால் இப்படிப்பட்ட சங்கதிகளைக் கேட்க ஊருக்கு ஒருவர் இருந்திருப்பார்.

அடுத்த மாற்றம் எனக்கே வெட்கமாக இருந்தது. 'ஊர்' என்ற கட்டத்தில் ஆளுக்கு ஆள் வேறு வேறு சங்கதியைப் போட்டிருந்தேன். அப்பாவுக்குச் சொந்த ஊர். எனக்குப் பிறந்த ஊர். சித்தப்பாவுக்கு வேலை பார்த்த ஊர். பூட்டனாருக்கு நிலம் இருந்த ஊர். அவருக்கு முந்தையவர்களுக்குக் குலதெய்வக் கோயில் இருக்கிற ஊர். நம் வாயில் எல்லாமே ஊர்தான், "உங்களுக்கு எந்த ஊர்?" என்றால் கேட்கிறவரைப் பார்த்துப் பதில் மாறும். இப்போது ஊருக்குப் பக்கத்தில் 'என்ன ஊர்' என்று ஒரு கட்டம்: பிறந்தது, வாக்கப்பட்டது, குடியிருந்தது, நிலம் இருந்தது, இறந்தது, சாமி கும்பிடுவது.

இதைப் பிரித்தவுடனேயே இரண்டு தப்பு தெரிந்தது. அப்பா பிறந்தது எங்கள் ஊரில் இல்லை. பள்ளிக்கூடக் காகிதத்தில் எங்கள் ஊர் இருக்கிறது, ஜாதகத்தில் அம்மாச்சி ஊர் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, ஜாதகம்தான் சரி. இன்னொன்று, குலதெய்வக் கோயிலை வைத்துப் பூர்வீகம் என்று நான் எழுதியிருந்த ஊர். அந்தக் கோயில் வேறொரு கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து கட்டியது என்று பூசாரி சொன்னார். அப்படியானால் பூர்வீகம் அதற்கும் பின்னால் எங்கோ இருக்கிறது. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, 'சாமி கும்பிடுவது' என்று மட்டும் வைத்தேன்.

பினாங்குத் தாத்தாவுக்கு வருகிறேன். அப்பத்தாவின் அண்ணன். செட்டியார்களின் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் சமையல் வேலைக்குப் போனவர். வீட்டில் எல்லாரும் பினாங்குத் தாத்தா என்றே சொல்வார்கள். பட்டியலில் 'பினாங்கு, மலேசியா' என்று போட்டிருந்தேன். தகரப் பெட்டியில் அவர் அனுப்பிய உறை ஒன்று கிடைத்தது. அனுப்புநர் முகவரி: தெலுக் ஆன்சன், பேரா, எஃப்.எம்.எஸ். பினாங்கே இல்லை! நாகப்பட்டினத்தில் ஏறிய கப்பல் போய் நின்ற துறை பினாங்கு. ஊரில் இருந்தவர்களுக்கு அதற்கு அப்பால் எல்லாமே பினாங்குதான். இலங்கை மலைநாடு முழுவதையும் 'கண்டி' என்றும், பர்மா முழுவதையும் 'ரங்கூன்' என்றும் சொன்னதும் இப்படித்தான். வாய்மொழியாகக் கண்டி என்று கேட்டால் கண்டி நகரத்தின் ஆவணங்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எஃப்.எம்.எஸ். என்றால் மலாய் ஐக்கிய நாடுகள். பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நாலும் சேர்ந்தது. பினாங்கு அதில் சேராது, அது நேரடிப் பிரிட்டிஷ் குடியேற்றமான நீரிணைக் குடியிருப்புகளில் ஒன்று. ஆக ஆட்சி வேறு, காகிதங்கள் இருக்கும் இடமும் வேறு. தெலுக் ஆன்சன் என்ற பெயரும் இன்று இல்லை, 1982-ல் தெலுக் இந்தான் ஆகிவிட்டது. 'மலேசியா' என்ற நாடே 1963-ல்தான் வந்தது, தாத்தா அதற்கு வெகு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். உள்ளபடிக் கட்டத்தில் உறையில் உள்ளது. அதற்குக் கீழே தனி வரியில் 'வீட்டில் சொன்னது: பினாங்கு'. அதையும் அழிக்கவில்லை. அவர் கப்பலிறங்கிய இடத்தை அந்தப் பெயர் காட்டுகிறது.

கடைசி வேலை வரைபடம். ஊர்ப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை சேர்த்தேன், பெயர் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. இரண்டு திருப்பத்தூருக்கும் தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றே, 78.6. ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று. அட்சரேகைதான் பிரிக்கிறது: எங்களுக்கு 10.1, அவர்களுக்கு 12.5. எண்களைத் தட்டி வரைபடத்தில் ஏற்றிப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஒரு புள்ளியும் இல்லை. தேடிப் பார்த்தால் எங்கள் வம்சமே வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் மிதந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டத்தையும் இடம் மாற்றித் தட்டியிருக்கிறேன். படத்தை எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். "இதுக்கும் ஜோலார்பேட்டையிலதான் இறங்கணுமா?" என்று பதில் வந்தது.

இன்னும் பதினாறு வரிகள் 'சந்தேகம்' என்ற குறியோடு நிற்கின்றன. ஒன்றில் காகிதம் கிழிந்து 'பட்டி' மட்டும் மிஞ்சியிருக்கிறது. பட்டியில் முடியாத ஊர் எங்கள் பக்கம் குறைவு. யூகம் ஒன்று இருக்கிறது, எழுதவில்லை. எண்ணுக்கான கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

பூட்டனாரின் பத்திர நகலுக்கு அத்தான் அடுத்த மாதம் மறுபடியும் கிளம்புகிறார். இந்தத் தடவை சார்பதிவாளர் அலுவலகம், புத்தகம், தொகுதி, பக்கம், எண், ஆண்டு என்று எல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். மதுரை வரை ரயிலில் வரட்டும். அங்கிருந்து பஸ்.